சிக்னலில் அணையும் வண்டி

தங்கையின் வண்டி மூன்றாவது முறையாகப் பட்டறைக்கு வந்தபோது மெக்கானிக் அண்ணனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பழைய வண்டிதான், ஆனால் ஓட்டத்தில் குறை கிடையாது. ஆக்ஸிலேட்டரை விட்டால்தான் வினை. ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், ஏறும், இறங்கும், சிக்னலில் பொசுக்கென்று அணைந்துவிடும். அவள் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவள். உதைத்து உதைத்துக் கிளப்பியே முழங்கால் வீங்கிக் கிடந்தது.

“பிளக் மாத்தியாச்சு, கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவியாச்சு. இன்னும் என்ன பண்ணச் சொல்ற? நீ கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தாத்தானே.”

“நான் எதையும் தொடலைண்ணே. இன்ஜின் சூடானாத்தான் இப்படிப் பண்ணுது.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் பக்கம் தலையைச் சாய்த்தார். மற்ற பட்டறைகளில் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தலையைச் சொறிவார்கள், இவர் காதால் கேட்டே சொல்லிவிடுவார் என்று பேர் வாங்கியவர். கேட்டார். தடதடவென்ற அடியைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஐடிலிங் திருகைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, “போ, இனிமே நிக்காது” என்றார்.

மறுநாள் நாற்சந்தியில் திரும்பும்போது வண்டி நின்றது. பின்னால் வந்த வேன் இடித்ததில் அவள் மணிக்கட்டு முறிந்தது.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவர் அவள் கணவர். தையல்காரர், இன்ஜினைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாது. மச்சான்மீது ஒரு வார்த்தை பழி சொல்லவில்லை. அதுதான் மெக்கானிக்கை அறுத்தது. இன்ஜினைக் கிளப்பிச் சூடேறவிட்டு, மறுபடி கண்ணை மூடினார்.

“மச்சான், இந்த ‘உஸ்’ங்கிற சத்தம் எப்பவும் வர்றதுதானா?”

“எந்தச் சத்தம்?”

“இதோ, இங்கேர்ந்து வருதே. காத்தை உறிஞ்சுற மாதிரி.”

தையல்காரரின் விரல் காட்டிய இடத்தில், கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் இருந்தது. மெக்கானிக் காதை அதன் அருகே கொண்டுபோனார். அனல்தான் அடித்தது. எழுந்துபோய்க் கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரேயை எடுத்துவந்து ரப்பரின் அடிப்பக்கம் பீச்சினார். ஸ்பிரே உள்ளே இழுபட, இன்ஜினின் அடி சட்டென்று மாறியது. அந்தக் கனத்த சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டது. அணைத்து, கழற்றி, வளைத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வாய் பிளந்தது. அந்த வழியாகக் காற்றை இழுத்துத்தான் வண்டி மூச்சு முட்டி நின்றிருக்கிறது.

“உங்களுக்கு நெஜமாவே கேக்கலையா மச்சான்?”

மெக்கானிக் புது ரப்பரைத் தேடி அலமாரியைத் திறந்தார். அழைப்பு மணி கெட்டுப்போச்சு என்று வீட்டில் சண்டை போட்டது நினைவுக்கு வந்தது. மணி கெட்டிருக்கவில்லை என்று இப்போது விளங்கியது. புது ரப்பரை மாட்டித் திருகைப் பழைய நிலைக்கு இறக்கினார். வண்டி அணையாமல் ஓடியது.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள்.

“தப்பு உன் மேல இல்லம்மா. ரப்பர் வெடிச்சிருந்துச்சு. சத்தம் வந்திருக்கு. எனக்குக் கேக்கல.”

“எத்தனை நாளா?”

“தெரியல. கேக்காம போனது எப்படித் தெரியும்?”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

“கை சரியானதும் வண்டிய வேற கடையில விடு” என்றார்.

இல்லைண்ணே, நீயே பாரு என்று அவள் சொல்லுவாள் என எதிர்பார்த்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் நின்றார். அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, “சரிண்ணே” என்றாள்.