சோதனைக் கண்

ஜெயபாலனின் வலது கண் அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் பழக்கம். கண்ணுக்கு உரியவனைத்தான் அவ்வளவாகத் தெரியாது.

ஈப்போவில் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வகம் அது. சர்க்கரை நோய் விழித்திரையை எப்படிக் கெடுக்கிறது என்று ஓசிடி கருவியால் படமெடுத்து ஆராய்கிறார்கள். ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். கண்ணுக்குள் மெல்லிய ஒளியை அனுப்பினால், விழித்திரையைக் குறுக்கே வெட்டிவைத்தாற்போலத் திரையில் காட்டிவிடும். பார்ப்பதற்குக் கூவே லாப்பிஸ் பலகாரம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அந்தக் கருவியை இயக்குபவள் ஜெயபாலனின் மனைவி சரளா.

தினமும் முதல் ஆளை உட்காரவைக்கும் முன், நோயில்லாத ஒரு கண்ணைப் படமெடுத்துக் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புருஷன் கண் இருக்க ஊரான் கண் எதற்கு? ஜெயபாலன் கமுந்திங் தொழிற்சாலைக்கு இரவு வேன் ஓட்டுபவன். விடியலில் வேலை முடிந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு வரும் வழியில், ரப்பர் மரங்களை அழித்துக் கட்டிய செமோர் தாமான் குடியிருப்பில் அவளையும் ஏற்றிக்கொள்வான். ஆய்வகத்தில் தாடையைத் தாங்கியில் வைத்துப் பச்சை ஒளியைப் பார்ப்பான். சரளா அவன் தலையை இரு கைகளாலும் பிடித்து நேராக்குவாள். ஒருவர் தூங்கும்போது மற்றவர் வேலைக்குப் போகும் குடும்பம். அந்தத் தொடுகைக்காகவே அவன் வந்தான் என்று சொன்னால் மறுக்கமாட்டான்.

சரளா பார்ப்பதோ, படம் தெளிவாக விழுந்ததா என்று ஓரத்தில் காட்டும் தர எண்ணை. எண் சரியாக இருந்தால் சேமித்துவிட்டு, "போய்த் தூங்குங்க" என்பாள். சோதனைப் படத்தை யாரும் படிப்பதில்லை. அது கருவிக்கான படமாம், கண்ணுக்கானது இல்லையாம். ஆய்வகம் நிறையப் படித்தவர்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கருவி ஆண்டு முழுக்கச் சீராக இயங்கியதைக் கட்டுரையில் காட்ட வேண்டும் என்று பேராசிரியர் ஒரு நாள் கேட்டார். சரளா சோதனைப் படங்களை வரிசையாகத் திறந்தாள். தொடக்கத்தில் அடுக்குகள் சமமாக இருந்தன. பிறகு ஒன்றில், அடியில் கருப்பாக ஒரு கீற்று. போகப் போக அது பெருத்தது. அன்று காலை எடுத்ததில் நீர் கோத்து, விழித்திரை பூரி போல உப்பியிருந்தது. தர எண் மட்டும் எல்லாவற்றிலும் பிரமாதம்.

படத்தைத் தூக்கிக்கொண்டு கண் மருத்துவரிடம் ஓடினாள்.

"உடனே அழைத்து வாருங்கள். தூக்கம் கெட்டாலும் இப்படி நீர் கோக்கும். இரவு வேலையை விட்டால் தானாகவே வடியலாம். வடியாவிட்டால் சிகிச்சை இருக்கிறது. இன்னும் விட்டிருந்தால் நடுப்பார்வையே போயிருக்கும்" என்றார் அவர்.

வீட்டில் ஜெயபாலன் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"ஏங்க, வலது கண்ணுல ஏதும் வித்தியாசமா தெரியுதா?"

"ரோட்டுக் கோடு கொஞ்சம் நெளியுது லா. ரெண்டு மூனு மாசமா இருக்கு."

"வேன் ஓட்டுற மனுசன்! ஏன் என்கிட்ட சொல்லல?"

அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"சொல்றதுக்கு என்னா இருக்கு? நீதான் தெனம் உள்ள வரைக்கும் பாக்குறியே. ஏதாச்சும் இருந்தா நீ சொல்லிருக்க மாட்டியா? அதான் பயமில்லாம ஓட்டுனேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மருத்துவர் சொன்னதை எல்லாம் சொன்னாள். தன் தவற்றை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நான் உங்க கண்ணப் பாக்கவே இல்லைங்க. மிஷினத்தான் பாத்தேன்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜெயபாலன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு இமையை விரலால் விரித்து, முகத்தை அவளருகே கொண்டுவந்தான்.

"சரி, இந்தா. இப்ப பாரு."

வெறும் கண்ணால் பார்த்தால் விழித்திரை தெரியாது. அது அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள்.