ஐந்தாவது குழலில் வந்த ஈ

என் மனைவிக்கு ஈதான் பிழைப்பு. அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் உட்கார்ந்து எள்ளளவு ஈக்களை இன்ன இனம் என்று சொல்வாள். நான் கடிகாரக் கடையில் ஈ ஓட்டுகிறவன். நல்ல பொருத்தம் என்று என் மச்சான் கிண்டல் செய்வான்.

கூட்டம் சேராமல் தனியாக வாழும் தேனீ ஒன்று உண்டு. மூங்கில் குழலுக்குள் மகரந்தம் சேர்த்து முட்டையிடும். அது வெளியே போன நேரம் பார்த்து ஒரு சிவப்புக்கண் ஈ உள்ளே நுழைந்து தன் முட்டையை வைத்துவிட்டு வரும். ஈயின் புழு மகரந்தத்தை வழித்துத் தின்னும், தேனீயின் புழு பட்டினி கிடக்கும். இந்தத் திருட்டு ஈ இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்பது இவள் கட்சி. பழைய இனம்தான் என்கிறார் மேலதிகாரி. ஆணின் வால் நுனியைப் பார்த்தால்தான் தீர்ப்பு. நான்கு குழல்களில் வந்ததெல்லாம் பெண். ஐந்தாவதைப் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் மூடி, ரப்பர் பேண்ட் மாட்டி, எங்கள் சமையலறை அலமாரியில் வைத்திருந்தாள். அதுவும் கைவிட்டால் அடுத்த வருஷம்தான்.

ரொட்டிப் பாக்கெட்டைக் கட்ட அந்த ரப்பர் பேண்டை உருவிய புண்ணியவான் நான். மறுநாள் காலை வாழைப்பழத்தின் மேல் ஒரு ஈ. எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. செய்தித்தாளைச் சுருட்டி ஒரே போடு. அப்புறம்தான் துணி விலகிய பாட்டில் கண்ணில் பட்டது.

துடைத்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குளித்துவிட்டு வந்தவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"நான்தான் அடிச்சேன். ரப்பர் பேண்டையும் நான்தான் எடுத்தேன்."

இவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஈ ஒட்டியிருந்த தாளோடு போய், வீட்டில் வைத்திருக்கும் மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்து ஊசியால் மெல்லப் புரட்டினாள்.

"தலை போச்சு. நெஞ்சும் போச்சு. பின்பக்கம் மட்டும் அப்படியே இருக்கு."

"அது போதுமா?"

"அதுதாங்க வேணும். இது ஆண்." வெகுநேரம் குனிந்தே இருந்தாள். "வால் கொக்கி ரெண்டா பிளந்திருக்கு. பழைய இனத்துக்கு இப்படி இருக்காது. நான் சொன்னது சரி."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் சந்தோஷத்தைப் பார்த்துக் கண்ணும் கலங்கியது.

ஒவ்வொரு பூச்சிக்கும் கீழே நகத்தளவு லேபிள் குத்துவார்கள். எங்கே, என்றைக்கு, யார், எப்படிப் பிடித்தது என்று எழுத வேண்டும். அன்று அவள் என் பெயரை எழுதினாள். பிடித்த விதம்: செய்தித்தாள், ஒரு அடி.

"என் பேரை எடுத்துடு. மானம் போகும்."

"நீங்க மறைச்சிருந்தா இது குப்பைக்குப் போயிருக்கும். நான் மட்டும் பொய் எழுதணுமா?" என்றாள்.