கிறக்கம்

ஜிகினாத் தூள் அப்பிய கன்னம் சிமெண்ட் தரையில் அழுந்திக் கிடக்கிறது, வாயோரம் நுரை, இடது கை மட்டும் யாரையோ வா வா என்று கூப்பிடுவதுபோல் வெட்டி வெட்டி இழுக்கிறது, மேலே சிவப்பும் நீலமுமாகச் சுழல்விளக்குகள் இன்னும் மின்னிக்கொண்டிருக்கின்றன, பாட்டு ஓடுகிறது, அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை, நான் சீப்பும் கையுமாக ஓடுகிறேன், முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் படப்பிடிப்புத் தளத்தின் ஓரத்திலிருந்து ஓடிக்கொண்டேதான் இருக்கிறேன் போலிருக்கிறது, ஆனால் அன்றைக்குப் போய்ச் சேர்ந்தேன், தலையை மடியில் எடுத்து ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், ரேகாம்மா, ரேகாம்மா என்று கூப்பிட்டேன். சுவரொட்டியில் ஸ்வர்ணரேகா, திருத்துறைப்பூண்டியில் பெற்றவர்கள் வைத்த பெயர் சௌந்தரம், எனக்கு ரேகாம்மா, நான் அவளுக்குத் தலை வாரிக் கொண்டை போடுகிறவள், நாலு வயது மூத்தவள் என்பதால் என்னை அக்கா என்பாள். தயாரிப்பு நிர்வாகி குனிந்து பார்த்து, என்னம்மா இது, காக்கா வலிப்பு மாதிரில்ல இருக்கு என்றார், டைரக்டரின் முகம் மாறுவதைப் பார்த்தேன், போன மாதம்தான் மூச்சிரைப்பு இருக்கிற ஒரு பெண்ணை மத்தியானச் சாப்பாடுகூடப் போடாமல் வேனில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள், அந்த வேன் கண்ணுக்குள் வந்தது, என் வாய் தானாகப் பேசியது, அதெல்லாம் இல்ல சார், நேத்து ஒரு பார்ட்டி, கொஞ்சம் அதிகமாயிடுச்சு, காலையில வெறும் வயிறு வேற. டைரக்டர் சிரித்தார், அவர் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள், அவ்வளவுதானா, மோர் குடுத்துப் படுக்க வையிம்மா, மத்தியானம் எடுத்துக்கலாம் என்றார், அந்தச் சிரிப்பில் எனக்குப் போன உயிர் வந்தது, எத்தனை நல்ல சிரிப்பு அது என்று நினைத்தேன், இப்போதும் காதில் விழுகிறது.

ஒப்பனை அறையில் அவள் தெளிந்து எழுந்தபின் நான் சொன்ன பொய்யைச் சொன்னேன், திட்டுவாள் என்று நினைத்தேன், சாராய வாடை பட்டாலே முந்தானையால் மூக்கை மூடுகிறவள், அவள் அப்பா குடித்தே செத்தவர், கன்னத்து ஜிகினாவைக் கண்ணாடியில் பார்த்துத் துடைத்தபடி, நல்லதாப் போச்சுக்கா, குடிகாரியைக் கூப்பிடுவாங்க, வலிப்புக்காரியைக் கூப்பிட மாட்டாங்க என்றாள், பிறகு மூலையில் தூளியில் தூங்கிய ஐந்து மாதக் குழந்தையைக் காட்டி, சாரு தலையில கை வெச்சு சொல்லு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு. வைத்தேன், சொன்னேன், உச்சிக்குழி என் உள்ளங்கைக்குக் கீழே துடித்தது. சாருமதிக்கு அப்பா என்று ஒருவர் இருந்தார், பள்ளியில் சேர்க்கும்போது ஒரு கையெழுத்துப் போட்டார், அதோடு சரி. ரேகாம்மா விழுந்த அடுத்த வாரமே பத்திரிகையில் வந்துவிட்டது, தளத்தில் தள்ளாடிய நடிகை என்று, படம் போட்டு, பெயர் போடாமல், பிறகு பெயர் போட்டு, பிறகு பெயரே அதுவாகிவிட்டது. சௌகார்பேட்டைப் பக்கம் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன், சீட்டில் என் பெயரைத்தான் எழுதச் சொன்னோம், அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு எழுதினார், அந்த மாத்திரை வலிப்பை வருஷத்துக்கு ஓரிரு தடவையாகக் குறைத்தது, கூடவே அவள் இமைகளைப் பாதியில் நிறுத்தியது, நாக்கைக் கனக்கவைத்தது, பேசினால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு வந்தன. போதைக் கண்ணழகி என்று எழுதினார்கள், கிறங்கிய பார்வைக்காகவே பாட்டுகள் எழுதினார்கள், கையில் கோப்பையோடு மாடிப்படி இறங்கும் வேஷம் எத்தனை படத்தில், கோப்பையில் இருந்ததெல்லாம் நான் போட்டுக் கொடுத்த கடுந்தேநீர். தியேட்டரில் ஆண்கள் விசிலடிக்கிறார்கள், நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன், பக்கத்தில் ஒருத்தி, பாரு சிறுக்கி, நிஜமாவே ஊத்திக்கிட்டு வந்துதான் நடிக்கிறா என்கிறாள், ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.

சாரு வளர்கிறாள், என்னைப் பெரியம்மா என்கிறாள், பள்ளியில் அவள் பக்கத்தில் உட்கார ஒரு பிள்ளையை விடமாட்டார்கள், ஒன்பது வயதில் ஒருநாள் வீட்டுக்கு வந்து அம்மாவின் பீரோவைத் திறந்து பாட்டில் தேடினாள், புடவைகளையெல்லாம் தரையில் இழுத்துப் போட்டுத் தேடினாள், எங்க ஒளிச்சு வெச்சிருக்கே சொல்லு, ரேகாம்மா கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இங்க இல்லடா கண்ணு, வெளியிலதான் என்றாள், அப்படிச் சொன்னாள், என் காதால் கேட்டேன். சமையலறையில் நான் சண்டை போட்டேன், குழந்தைகிட்டயாவது சொல்லும்மா என்றேன், சின்னதுக்கா, வாய் தவறிடும், அப்புறம் அவளையும் அந்தக் கண்ணாலதான் பார்ப்பாங்க, இவளுக்கும் வருமோன்னு. படங்கள் குறைந்தன, அம்மா வேஷத்துக்கு அந்தக் கண்கள் ஆகாது என்றார்கள், சாலிகிராமத்தில் ஒரு மாடிப் போர்ஷனுக்கு வந்தோம், சாரு விடுதியில் படித்தாள், கோயம்புத்தூர்ப் பையனை விரும்பினாள், நூல் வியாபாரம் செய்கிற குடும்பம், நடிகை மகளா என்று முதலில் முறைத்து, பையன் பிடிவாதத்துக்கு இறங்கி வந்தார்கள், ஒரே ஒரு நிபந்தனை, அம்மா மணமேடைக்கு வரக்கூடாது, முன்வரிசையில் உட்காரலாம். அதற்கே அவள் பூரித்துப்போனாள், மூன்று புடவை மாற்றினாள், கல்யாணத்துக்கு முதல்நாள் காலையிலேயே மாத்திரையை என் கையில் திருப்பிக் கொடுத்தாள், ரெண்டு நாள் இது வேணாங்க்கா, சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி நாக்கு குழறாம நாலு வார்த்தை பேசணும், கண்ணு திறந்து எம்பொண்ணைப் பார்க்கணும். நான் கொடுத்திருக்க வேண்டும், வாயைப் பிளந்து போட்டிருக்க வேண்டும், வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மண்டபம், நாதஸ்வரம், வீடியோக்காரனின் வெள்ளை விளக்கு முன்வரிசையை ஒவ்வொரு முகமாகத் தடவிக்கொண்டு வருகிறது, அவள் கண்கள் அன்று எவ்வளவு பெரிதாக இருந்தன, அத்தனை வருஷத்தில் நான் பார்க்காத கண்கள், சம்பந்தியம்மாவிடம் தெளிவாகப் பேசினாள், பொண்ணுக்குக் கோபம் சட்டுனு வரும், சட்டுனு போயிடும், நீங்கதான் பார்த்துக்கணும் என்றாள், அந்தம்மாளே ஆச்சரியமாகப் பார்த்தார்கள். விளக்கு அவள் முகத்தில் வந்து நின்றது, நாற்காலி சரிந்தது, தேங்காய்ப் பழத் தாம்பாளங்கள் உருண்டன, அவள் தரையில். பையனின் அப்பா ஓடி வந்தார், கை குவித்திருந்தார், ஏனுங்க, நல்ல நாளும் அதுவுமா இன்னிக்கும் குடிச்சுப்போட்டு வருவாங்களா, எழுப்பிக் கூட்டீட்டுப் போயிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இல்லைங்க என்று வாயைத் திறந்தேன், மேடையிலிருந்து சாரு எழுந்து நின்றாள், கூரைப்புடவையில், கழுத்தில் மாலையோடு, அழவில்லை, பெரியம்மா, அவங்களை வெளியில கொண்டுபோங்க, எனக்கு அம்மாவே இல்லைன்னு நினைச்சுக்கறேன் என்றாள், மைக் திறந்திருந்தது, மண்டபம் முழுக்கக் கேட்டது. என் வாய் அப்படியே மூடிக்கொண்டது, சொன்னால் குடிகாரி மகள் வலிப்புக்காரி மகளாகிவிடுவாள், மாலையைக் கழற்றச் சொல்லிவிடுவார்கள், சமையல்காரர்கள் இரண்டு பேர் தூக்க நானும் தூக்கி வேனில் போட்டேன், வடை எண்ணெய் வாசனையோடு அந்தக் கைகள். ஊர் எல்லை தாண்டும்போது அவளுக்கு நினைவு வந்தது, தாலி ஏறிடுச்சாக்கா என்றாள், ஏறிடுச்சு என்றேன், மேளச் சத்தம் கேட்டதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது, ஏறிடுச்சும்மா என்று மறுபடியும் சொன்னேன், சாய்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம், சாருவிடமிருந்து ஒரு போன் இல்லை, ஒரு காலையில் நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் ரேகாம்மா குளியலறையில் விழுந்து பின்மண்டையில் அடிபட்டு ஆள் போய்விட்டாள், குழாய் திறந்தபடி இருந்தது, தண்ணீர் மாடிப்படிவரை வந்திருந்தது. போதையில் வழுக்கி விழுந்து மரணம் என்று டிவியில் எழுத்து ஓடியது, மைக்கை நீட்டினார்கள், நீங்கதானே கூடவே இருந்தவங்க, எவ்வளவு குடிப்பாங்க, சாருவுக்கு அப்போது ஏழாம் மாதம் என்று கேள்விப்பட்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று கதவைச் சாத்தினேன்.

இப்போது சாரு என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், ஆறு வயது மிருதுளா என் கட்டிலில் தூங்குகிறாள், போன வாரம் பள்ளியில் இறைவணக்கத்தில் நின்றவள் விழுந்து கைகால் இழுத்துக்கொண்டதாம், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டாராம், இல்லை என்றாளாம். அம்மாவின் தகரப் பெட்டியை நான் அனுப்பிவைத்து வருஷங்கள் ஆகின்றன, முந்தாநாள்தான் திறந்தாளாம், அதிலிருந்த சீட்டுகளை என் முன்னால் வைக்கிறாள், எல்லாம் உங்க பேர்ல இருக்கு, வலிப்புக்கான மாத்திரைன்னு டாக்டர் சொல்றார், ஆனா நீங்க விழுந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லையே பெரியம்மா. அவள் உச்சந்தலையைப் பார்க்கிறேன், வகிட்டில் ஒரு நரை, சத்தியம் செய்த என் கை அங்கேதான் இருந்தது, உன் அம்மா ஒரு சொட்டு குடிச்சதில்ல சாரு என்றேன், சொல்லிவிட்டேன், தளத்தில் சொன்ன பொய்யிலிருந்து எல்லாவற்றையும். அன்னிக்கு மண்டபத்துல என்று சாரு ஆரம்பித்து நிறுத்தினாள், அன்னிக்கும் அதுதான், உன்னைக் கண்ணு திறந்து பார்க்கணும்னு மாத்திரை போடல என்றேன். அவள் அழவில்லை, சீட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி மடித்தாள், டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடறேன், வீட்ல வேணாம், அவருக்கும் வேணாம், குழந்தைக்கு வெயில்ல மயக்கம்னுதான் சொல்லியிருக்கேன், நாளைக்கு இவளுக்கும் ஒரு கல்யாணம் காட்சின்னு வரணுமில்ல என்றாள், அம்மா குடிச்சாங்கன்னே இருக்கட்டும் பெரியம்மா. நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். தூங்குகிற குழந்தையைத் தோளில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி, தெளிஞ்சதும் அம்மா முதல்ல என்ன கேப்பாங்க என்றாள், தண்ணியா கேப்பாங்க. இல்லடி, யாரு பார்த்தாங்கன்னு கேப்பா என்றேன், உன் கல்யாணம் ஒண்ணைத் தவிர ஒவ்வொரு தடவையும், யாரு பார்த்தா, யாரு யாரு பார்த்தான்னு. சாரு கதவைப் பிடித்துக்கொண்டாள், ஸ்கூல்ல இருந்து போன் வந்தப்ப, எம்பொண்ணு எப்படி இருக்கான்னுகூடக் கேக்கல பெரியம்மா, அந்த டீச்சர்கிட்ட நானும் முதல்ல அதைத்தான் கேட்டேன் என்றாள்.