கூலி வாங்காதவன்

குப்பை பிரிக்கும் பெபாவி, தன்னோடு வேலை செய்த பையன் காராஸுக்குத் தர வேண்டியது சரியாக ஆயிரத்து எண்ணூறு பவுண்டு. பன்னிரண்டு நாள் குப்பை பிரித்த கூலி. பையன் வேண்டாம் என்கிறான். அங்கேதான் பெபாவிக்கு நெருடியது.

காராஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக மாணவன். நகரத்தோரத்து முகத்தம் மலைச்சரிவில் குப்பை பிரிப்பவர்களோடு உட்கார்ந்து வேலை செய்து, அவர்கள் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதினால்தான் அவனுக்கு ஊழியப் பயிற்சி முடியுமாம். ஆனால் முதல் நாள் அவனைக் கூட்டி வந்தவன் வதீ. தேவாலயத்தின் உதவிப் பட்டியல் அவன் கையில் இருக்கிறது. அதில் 'ஆண்டவரின் சகோதரர்' என்று ஏழைகளின் பேர் வரிசை. பேர் இருந்தால்தான் பெபாவியின் மகள் மாரினாவுக்கு மாதாமாதம் இன்சுலின். வீட்டில் வசதி கண்டால் பேரை அடித்துவிடுவார்கள்.

வசதி ஒன்று இருந்தது. யாரோ வீசிய சலவை இயந்திரத்தைப் பெபாவி பழுது பார்த்து ஓட வைத்திருந்தான். குப்பையில் கிடைத்தது என்றால் யார் நம்புவார்? காராஸின் செருப்புச் சத்தம் கேட்டதுமே மனைவி திம்யானா அதன்மேல் போர்வையைப் போட்டு, மாரினாவைத் தூக்கி மேலே உட்கார வைத்துவிடுவாள்.

"இங்க கூலி வாங்காத ஆளு வேற எங்கயோ வாங்குறான்," என்றான் பெபாவி.

"வதீதான் குடுப்பான். தினமும் நோட்டுல என்னத்தையோ எழுதுறானே," என்றாள் அவள்.

பெபாவி நேராகவே கேட்டுப் பார்த்தான். "குட்டிப் போதகரே, இந்த நாத்தத்துல உட்கார உனக்கு எவ்வளவு தர்றாங்க?"

"மார்க்குதான் மாமா."

"மார்க்கை நீட்டினா கடைக்காரன் ரொட்டி தருவானா?"

பையன் சிரித்துக்கொண்டே பாட்டில் மூடிகளைப் பிரித்தான்.

அந்தப் பன்னிரண்டாம் நாளே காராஸ் கை கழுவப் போனபோது நோட்டு மூட்டைமேல் கிடந்தது. பெபாவி எழுத்துப் படித்ததே போன குளிர்காலத்தில்தான். விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினான். 'வீடு ஏழு. போர்வைக்கு அடியில் சலவை இயந்திரம்.' காராஸ் திரும்பி வந்து நின்றான்.

"உளவு பாக்கத்தான் வந்தியா?"

"அடுத்த வரியையும் படிங்க மாமா."

'சிறுமி எப்போதும் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். நான் கேட்கவில்லை. வதீயோடு வந்தது என் தவறு.'

"நோட்டுல யாரு பேரும் கிடையாது. நம்பரும் நானாப் போட்டது. வாத்தியாரைத் தவிர யாரும் பாக்கமாட்டாங்க."

"அப்ப கூலி ஏன் வேண்டாங்கிற?"

"ஊழியத்துக்குக் கூலி வாங்கலாமா மாமா?"

"ஊழியத்தை நீ எங்கயோ வச்சுக்க. குப்பை பிரிச்சது வேலை. வாங்கலைன்னா நான் உன்னை நம்பமாட்டேன்."

காராஸ் கொஞ்சம் யோசித்துக் கையை நீட்டினான். திம்யானா இயந்திரத்தின்மேல் கிடந்த போர்வையை உருவினாள். "எறங்குடி. துணி ஊறிக் கெடக்கு."

"பன்னெண்டு நாள் சாப்பாட்டுக்கு முந்நூறு கழிச்சாச்சு," என்று பெபாவி மீதியைக் கொடுத்தான்.

"ஊறுகாய்க்கு?" என்றாள் திம்யானா.

"அது விருந்து."

காராஸ் ஆயிரத்து ஐந்நூறையும் ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்த்துப் பையில் வைத்தான். எண்ணாமல் வைத்திருந்தால் பெபாவி மறுபடியும் சந்தேகப்பட்டிருப்பான்.