விரல் பொருந்தவில்லை

சிவப்பு வெளிச்சம், கதவின் கைப்பிடிக்கு மேலே சட்டைப் பொத்தான் அளவுக் கண்ணாடியில் அவளுடைய கட்டைவிரலைச் சுற்றி வளையமாக எரிந்து அணைகிறது, கீச் கீச் கீச் என்று பூட்டு கத்துகிறது, செண்பகவல்லி விரலை எடுத்துச் சுடிதாரில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறாள், மறுபடியும் சிவப்பு, பக்கத்தில் அம்மா இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு நின்று சிரிக்கிறாள், என்னட்டி செம்பா, ஒன் வீட்டுக் கதவுக்கே ஒன்ன அடையாளம் தெரியலயா. இந்த வம்பே வேண்டாம் என்றுதான் அவள் எண்களை அழுத்தப் போனாள், கொஞ்ச நாளாகவே எண்களைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறாள், எண்ணுக்கும் கதவு திறக்கும், ஆனால் பாட்டுப் பாடாது, பாட்டு விரலுக்கு மட்டும்தான், நம்பர எதுக்கு அமுக்குத, விரல வையி, அந்தப் பாட்டு கேக்கட்டும் என்று அம்மா சொன்னபோது எண்களிலிருந்து கையை எடுத்துக் கண்ணாடியில் வைத்தாள். ஏழாம் மாடி நடையில் காற்றில்லை, எதிர்வீட்டுக்காரர் கதவில் மாட்டியிருக்கும் கேமரா நீலக்கண்ணைத் திறந்து இருவரையும் பார்க்கிறது, மூன்றாவது முறை ஆள்காட்டி விரலை வைக்கிறாள், அதுவும் இல்லை என்கிறது.

அந்தப் பூட்டை வாங்கிய நாளில் அவளைப் பார்த்திருக்க வேண்டும், புதுப் பொருள் என்றால் செண்பகவல்லிக்குப் பைத்தியம், ஆபீசில் நாள் முழுக்க ஒரு வங்கியின் செயலியைச் சோதித்து, அது தப்பு, இது நொட்டை என்று கணினியோடு மல்லுக்கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து இன்னொரு பெட்டியைப் பிரித்துக்கொண்டு உட்காருவாள், ஓட்டல்ல வேலை பாக்குறவ வீட்டுக்கு வந்தும் ஏன்டி வடை சுடுற என்று கூட வேலை செய்யும் ஜெஸிந்தா கேட்பாள், இவளுக்கு அது சொன்னால் புரியாத சுகம், கண்ணாடியின் மேல் ஒட்டிய மெல்லிய தாளை நுனியில் பிடித்து உரிப்பது, முதல் தடவை விளக்கு எரிவது, சொன்ன பேச்சைக் கேட்கும் ஏதோ ஒன்று வீட்டில் இருப்பது. துணி துவைத்து முடித்ததும் இயந்திரம் போனுக்குச் சேதி அனுப்பும், தரை கூட்டும் வட்ட இயந்திரம் தானே கிளம்பித் தானே திரும்பி வரும், அம்மா அதற்குச் சின்னவன் என்று பெயர் வைத்திருந்தாள், ஏலே சின்னவனே, கட்டிலுக்கடியில தூசி கெடக்கு பாரு, சோம்பேறிப் பயலே என்று அதன் பின்னாலேயே நடப்பாள், அது மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் புலம்பினால் தூக்கி நடுக்கூடத்தில் வைத்து முதுகில் தட்டிக்கொடுப்பாள். பூட்டு வந்த மாதம் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவின் விரலைத்தான் முதலில் பதிவு செய்தாள், கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் பசையிலும் மருந்திலும் தேய்ந்த விரல், ரேஷன் கடை மெஷின் பத்து விரலையும் தள்ளிவிடும், வேற விரல் இருந்தா வைங்க ஆத்தா என்று கடைக்காரன் கிண்டல் பண்ணுவான், வரிசை முழுக்கச் சிரிக்கும், இந்தப் பூட்டு முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டு ஐஸ் வண்டி மணி மாதிரி ஒரு பாட்டையும் பாடியது, அம்மா கதவைச் சாத்திச் சாத்தித் திறந்தாள், இங்கனயாவது என்னய ஒரு ஆளுன்னு ஒத்துக்கிட்டானே என்றாள். அன்று செண்பகவல்லிக்கு இருந்த பெருமை வேறு எதிலும் இருந்ததில்லை.

நாலாவது தடவை, இடது கை. ஏசி ரூம்ல இருந்து இருந்து கை காஞ்சு போச்சுட்டி, எண்ண தேயின்னா கேக்கியா, அம்மா ஒரு பையைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறாள், செண்பகவல்லி உள்ளங்கையை மடக்கி வைத்துக்கொள்கிறாள், அம்மா வந்ததிலிருந்து இந்தக் கை மடங்கியே இருக்கிறது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன வருஷம் எடை பார்க்கும் கண்ணாடிப் பலகை ஒன்றை வாங்கினாள், ஏறி நின்றால் கணக்குப் போனுக்குப் போய்விடும், குறைய வேண்டிய எடையை அதில் எழுதி வைத்திருந்தாள், வாரா வாரம் குறைந்தது, முதலில் அவள் நம்பவில்லை, பிறகு நம்பினாள், போன் வாழ்த்துகள் என்று சொல்லித் திரையில் வாணம் விட்டது, மத்தாப்பு மாதிரி மஞ்சளும் பச்சையும் சிதறி விழுந்தன, ஆபீசில் எல்லோரும் ரகசியத்தைச் சொல்லு சொல்லு என்றார்கள், அவளும் ராத்திரி ரெண்டு சப்பாத்திதான், வேற ஒண்ணுமில்ல என்று பீற்றிக்கொண்டாள். ஒண்ணுமில்லையா, உள்ளே ஒன்று உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது, அது தின்னத் தின்ன இது வாணம் விட்டது, அந்தத் திரையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசுகிறது, பலகையைத் தூக்கி எறியவும் மனம் வராமல் பால்கனியில் கவிழ்த்துப் போட்டிருக்கிறாள், கையில் கட்டியிருந்த கடிகாரமும் அப்படித்தான், குடலில் கட்டி என்று டாக்டர் சொன்ன நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, நல்ல உடற்பயிற்சி, தொடருங்கள் என்றது.

குடல் என்றதும் அப்பாவின் முகம்தான் வந்தது, அப்பா போனதும் அதே இடத்துக் கட்டியில்தான், மதுரை ஆஸ்பத்திரியின் நீள வராண்டாவில் அம்மா தூக்குச்சட்டியோடு நடந்த நடை, கடைசியில் அந்தத் தூக்குச்சட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தது, வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வருஷம் அம்மா பேசியதை விரல்விட்டு எண்ணலாம், ஒரு நாள் உலையில் அரிசி போட்டுக்கொண்டே தானாகச் சொன்னாள், இன்னொருக்க என்னால ஆவாது செம்பா, அந்த ஆண்டவன் என்னய எடுத்துக்கிடட்டும், இன்னொருத்தர அப்பிடிப் பாக்க என்னால ஆவாது. அந்த ஒரு பேச்சுதான் செண்பகவல்லியின் வாயைக் கட்டிப்போட்டது, அம்மாவுக்குத் தெரியக் கூடாது, முடிந்து பிழைத்தால் பிறகு சொல்லிக்கொள்ளலாம், பிழைக்காவிட்டால் அதைச் சொல்லத் தான் இருக்கப் போவதில்லை என்று கணக்குப் போட்டாள், கல்நெஞ்சக்காரி என்று யாராவது சொல்லட்டும், அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அறுவைசிகிச்சைக்குப் பெங்களூரில் ட்ரெயினிங் என்று பெயர் வைத்தாள், ஜெஸிந்தா பக்கத்தில் இருந்தாள், நாலாம் நாள் கட்டிலில் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மாவுக்கு வீடியோ போட்டபோது பின்னால் ஓட்டல் அறை தெரிகிற மாதிரி போனில் ஒரு பொய்ப் படத்தை விரித்துக்கொண்டாள், பூச்செடி, ஜன்னல், மேசை விளக்கு, இதற்காகவாவது இந்த எழவு உதவுகிறதே என்று நினைத்தாள். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள், ஏட்டி, ஒன் காதுப்பக்கம் பிச்சுப் பிச்சுத் தெரியுது, பின்னால ஒரு கம்பி வந்து வந்து மறையுது, என்னட்டி அது. டவர் இல்லம்மா, வச்சிருதேன் என்றாள், குளுக்கோஸ் மாட்டிய கம்பி அவள் தலையை அசைக்கும்போதெல்லாம் பூச்செடிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

பிறகு கட்டி திரும்பி வராமலிருக்க மாத்திரை, காலையிலும் ராத்திரியிலும், கை காலில் தோல் உரியும், ரேகை மங்கிப் போகலாம், பயப்பட ஒன்றுமில்லை, ஆதாருக்குக் கைரேகை வைக்கிற வேலை ஏதும் இருந்தால் முன்னாலேயே முடிச்சிடுங்க என்றார் டாக்டரம்மா, பெரிய உபகாரம். முதலில் சிவந்தது, பிறகு எரிந்தது, பிறகு நுனியிலிருந்து உரிந்தது, ஒரு காலையில் போன் அவள் விரலைத் தெரியாது என்றது, ஆபீஸ் வாசல் மெஷின் தெரியாது என்றது, அவளே சோதித்து வெளியே அனுப்பிய வங்கிச் செயலியைத் திறந்தாள், விரல் பொருந்தவில்லை, மீண்டும் முயலவும் என்று எழுதி வந்தது, அந்த வாசகம் அவள் போட்டது. தவறான விரல் என்றுதான் முதலில் வைத்திருந்தார்கள், கூட்டத்தில் சண்டை போட்டாள், விரல்ல என்னங்க தப்பு இருக்கு, அது அவங்க சொந்த விரல், உங்க மெஷினுக்குத்தான் தெரியல, அதை ஏன் அவங்க தலையில கட்டுறீங்க, டீம் லீடர் சலித்துப்போய், சரி, என்ன போடணும்னு நீங்களே சொல்லுங்க என்றான், பொருந்தவில்லை என்று போடுங்க என்றாள். யாருக்கோ என்று நினைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறாள். மீண்டும் முயன்றாள், மீண்டும் முயன்றாள், பஸ்ஸில் உட்கார்ந்து போனை மடியில் கவிழ்த்துக்கொண்டு அழுதாள், பக்கத்து சீட் பெண் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து தாம்பரத்தில் இறங்கிக்கொண்டு போன் செய்தாள், ஒன் கொரலே சரியில்ல, அதான் வந்துட்டேன் என்றாள், அன்றிலிருந்து ஒளிப்பதே வேலை, பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று ரப்பர் உறை மாட்டிக்கொண்டாள், காரம் பட்டால் விரல் எரிந்ததால் கரண்டியால் சாப்பிட்டாள், எப்பருந்து துரைசானி ஆன என்று அம்மா கேட்டாள், காலைத் தோசை உள்ளே இறங்காது, ஆபீசுல தின்னுக்கிடுதேன் என்று ஓடிப்போய் அங்கே மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுக் கழிவறையில் போய் நின்றாள். இன்றைக்குச் சனிக்கிழமை, சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில் அம்மா நெடுநாள் கழித்துக் கொஞ்சம் சிரித்துப் பேசினாள், அதனால்தான் அந்தப் பாட்டைக் கேட்கட்டும் என்று விரலை வைத்தாள், வைத்திருக்கக் கூடாது, ஐந்தாவது தடவையும் வைத்தாள். பூட்டு நீளமாகக் கத்தியது, சிவப்பு அணையாமல் நின்றது, ஐந்து முறை தப்பினால் கொஞ்ச நேரத்துக்கு அது எண்களையும் கேட்காது, விரலையும் கேட்காது, திருடன் வந்துவிட்டான் என்று அதற்கு எண்ணம், சாவி பத்திரமாக வீட்டுக்குள்ளே மேசை இழுப்பறையில் இருக்கிறது.

கொண்டா பாப்போம், அழுக்கு கிழுக்கு ஒட்டியிருக்கும் என்று அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள், செண்பகவல்லி மடக்கினாள், அம்மா ஒவ்வொரு விரலாக விரித்தாள், வெளிச்சத்துக்குத் திருப்பினாள், சிரிப்பு முகத்திலேயே நின்றது, பிறகு அது போன இடம் தெரியவில்லை. இந்தக் கையை அம்மாவுக்குத் தெரியும், அப்பாவின் கை இப்படித்தான் சிவந்து பளபளத்தது, தினமும் களிம்பு தடவிப் பழைய வேட்டித் துணியைச் சுற்றிவிட்டவள் அவள்தான், அடுத்த கையையும் வாங்கிப் பார்த்தாள். இது சோப்பு இல்ல, என்றாள். செண்பகவல்லி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். கொடல்லயா, என்றாள் அம்மா. ஆமாம்மா. அறுத்தாச்சா. ஆச்சு. அந்த ட்ரெயினிங்கா. ஆமா. தக்காளிப் பை சாய்ந்து இரண்டு மூன்று பழம் நடையில் உருண்டு போனது, அம்மா அதைப் பார்க்கவில்லை, மாத்திரைய எப்பப் போடுத, என்று கேட்டாள், ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்றெல்லாம் பயந்திருந்தவளுக்கு இது என்ன கேள்வி என்று இருந்தது, காலையில ஆபீஸ் போயி, என்றாள். வெறும் வயித்துலயா. செண்பகவல்லி உருண்ட தக்காளியை எடுக்கக் குனிந்தாள். வெறும் வயித்துலயா போடுத கூறுகெட்டவளே, தின்னுட்டு அர மணிக்குள்ள போடணும்லா, ஒங்கப்பாவுக்கு ஒரு வேள தப்பாம சோத்த ஊட்டிட்டுத்தான் குடுத்தேன், ஒரு வேள தப்பலட்டி நான், எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன், என்றாள் அம்மா, சொல்லிவிட்டு அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று தெரிந்து பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

சிவப்பு அணைந்தது, கண்ணாடி வெறுமனே மினுங்கியது, பூட்டு மறுபடி ஆளைக் கேட்கிறது, நான் நம்பர் போடுதேம்மா என்று செண்பகவல்லி கையை நீட்டினாள், வேண்டாம், ஒனக்கு எரியும், நவுரு, என்று அம்மா அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டு முகத்தைக் கையால் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டாள், உள்ள சோறு இருக்கு, மொதல்ல தின்னு, பெறகு மத்ததப் பேசலாம் என்று சொல்லிக்கொண்டே தன் விரலை வைத்தாள். சிவப்பு, கீச் கீச் கீச். எடுத்து மறுபடி வைத்தாள், சிவப்பு. ரேஷன் கடையில் நிற்கும் முகம் அம்மாவுக்கு வந்துவிட்டது, எதற்கென்று தெரியாமல் மன்னிப்புக் கேட்கிற முகம், செண்பகவல்லிக்கு அதைப் பார்க்க முடியவில்லை, பொருள் ஒன்றும் கெட்டுவிடவில்லை, இந்தக் கண்ணாடிக்கு ஈரம் ஆகாது, அவ்வளவுதான், இதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார், அம்மா, விரல் ஈரமா இருக்கும்மா, தொடச்சிட்டு வையி, என்றாள். அம்மா முந்தானையில் அழுத்தித் துடைத்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள், மறுபடி விரலைத் துடைத்தாள், கண்ணாடிக்கு முன்னால் விரலை நீட்டியபடி திரும்பிப் பார்த்தாள், தொடைக்கத் தொடைக்க ஈரமாவுதே தாயி, நான் என்ன செய்ய, என்றாள்.