பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது

அலுவலகத்தில் அவளுக்கு டிரைவரம்மா என்று பெயர். அந்தப் பட்டப்பெயருக்கு விதை போட்டது அவளுடைய மாமியார்தான். "எங்க மருமக சர்வருக்கு டிரைவர் எழுதுறா" என்று எதிர்வீட்டுக்காரியிடம் அவர் பெருமை பேசப்போக, அந்த அம்மாள், "எந்த ஹோட்டல் சர்வருக்கு? கார் வெச்சிருக்கிற அளவுக்கா சம்பாதிக்கிறாரு?" என்று கேட்டுவிட்டாள். இதை ஒருநாள் டீ நேரத்தில் வாய்தவறிச் சொன்னதுதான் அவள் செய்த பிழை. மறுநாளே பெயர் ஒட்டிக்கொண்டது.

கணினியில் மாட்டுகிற ஒவ்வொரு கருவியும் அதன் இயங்குதளத்தோடு பேசுவதற்கு ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். அவள் வேலை பார்த்த நிறுவனம் குளிர்பதனக் கிடங்குகளுக்குச் சர்வர் என்கிற மையக் கணினியைச் செய்து கொடுத்தது. அப்படி ஒரு கிடங்கில்தான் அவளுடைய கொழுந்தன் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தான்.

அது பழங்கள் வைக்கிற கிடங்கு. குழாய்களில் கரியமில வாயுவை அழுத்தி ஓட்டித்தான் அறைகளைக் குளிர்விப்பார்கள். குழாயில் எங்காவது ஓட்டை விழுந்தால் அந்த வாயு வெளியே வரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். ஆளை முதலில் தூக்கம்போல அசத்தும், அப்புறம் சாய்த்துவிடும். அதனால் சுவரெங்கும் சென்சார்கள் வைத்திருந்தார்கள். எல்லா சென்சாரும் ஒரு சர்வரில் வந்து சேரும். வாயு அளவு மீறினால் சர்வர் சைரனை அலறவைத்து, காற்றாடிகளைச் சுற்றவிட்டு, கதவுகளைத் திறந்துவிடும்.

சில வாரங்களாக அந்தச் சர்வர் அடிக்கடி தானே அணைந்து தானே எழுந்துகொண்டிருந்தது. அது அணைகிற ஒவ்வொரு தடவையும், பாதுகாப்புக்காகச் சைரன் தானாக அடித்து, காற்றாடிகளும் சுழலத் தொடங்கிவிடும். ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவார்கள். பார்த்தால் ஒன்றும் இருக்காது.

"உங்க பெட்டி செத்துச் செத்துப் பொழைக்குது அண்ணி. ஏதாவது பண்ணுங்க. மேனேஜர் என்னைத் திங்காத குறைதான்" என்றான் கொழுந்தன், சாப்பாட்டு மேசையில்.

அந்தப் புகார் அலுவலகத்தில் அவளுக்கு அடுத்த இருக்கைக்காரனிடம் போனது. நல்ல மூளை, ஆனால் எதையும் ஆற அமரச் செய்யத் தெரியாது. எல்லாரும் அவனை அவசரம் என்றே கூப்பிட்டார்கள். அவன் ஒரே மாலையில் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டான். அத்தோடு சைரன் நின்றது. "இப்ப ரொம்ப சமர்த்தா இருக்கு அண்ணி" என்று கொழுந்தனும் வந்து சொன்னான். அவளும் சந்தோஷப்பட்டாள்.

ஒரு வாரம் கழித்து ஒருநாள் மதியம், வேறு ஏதோ வேலைக்காக அவசரத்தின் திருத்தத்தைத் திறந்தவள், பாதி படித்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

அந்தச் சர்வருக்குள் வாட்ச்டாக் என்று ஒரு சின்னக் கடிகாரம் தனியாக உண்டு. இயங்குதளம் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அதைத் தட்டிக்கொடுத்து, நான் விழித்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். தட்டு வராவிட்டால், கணினி மயங்கிவிட்டது என்று முடிவுகட்டி அதை அணைத்து எழுப்பிவிடும். கிடங்கில் நடந்துகொண்டிருந்தது அதுதான். ஏதோ ஒரு சென்சார் பழுதாகி, என்னைக் கவனி, என்னைக் கவனி என்று ஓயாமல் குறுக்கிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தக் குறுக்கீட்டுக்கு இன்டரப்ட் என்று பெயர். அழைப்புமணி அழுந்தியபடியே சிக்கிக்கொண்ட வீட்டில், வாசலுக்கு ஓடுவதைத் தவிர வேறு வேலை பார்க்க முடியாது அல்லவா? சர்வரின் பாடும் அப்படித்தான் ஆகியிருந்தது. மற்ற சென்சார்களைப் படிக்கவோ சைரனை இயக்கவோ அதற்கு நேரமே கிடைக்கவில்லை. வாட்ச்டாக் அதைச் சரியாகத்தான் கண்டுபிடித்து எழுப்பிக்கொண்டிருந்தது.

அவசரம் என்ன செய்திருந்தான் என்றால், வாட்ச்டாக்கைத் தட்டுகிற வரியை அந்த இன்டரப்டைக் கையாளும் இடத்திலேயே கொண்டுபோய் வைத்திருந்தான். இனி எத்தனை குறுக்கீடு வருகிறதோ அத்தனை தட்டு. சர்வர் உள்ளே கட்டையாகக் கிடந்தாலும் வாட்ச்டாக்குக்குத் தெரியவே தெரியாது. முகப்பில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

அவள் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

"இதை எத்தனை இடத்துக்கு அனுப்பின?"

"எல்லாக் கிடங்குக்கும்தான். ஏன், நல்லாத்தானே ஓடுது?" என்றான் அவசரம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கொழுந்தனைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அறைக்குள் போகும்போது போனை வெளியே வைத்துவிட்டுப் போவது அங்கே விதி. கிடங்கின் அலுவலக எண்ணும் கிடைக்கவில்லை. அடுத்த தெருவைத் தாண்டினால் கிடங்கு. பையைக்கூட எடுக்காமல் கிளம்பினாள். நடையில் ஆரம்பித்தது பாதி வழியில் ஓட்டமாகிவிட்டது. ஒன்றுமிருக்காது, சும்மா பயப்படுகிறோம், எல்லாரும் சிரிக்கப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சிரித்துத் தொலைக்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டாள்.

கட்டுப்பாட்டு அறையில் மேனேஜர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அலமாரியில் சர்வரின் பச்சை விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. திரையில் எல்லா அறைகளும் வாயு இயல்பு என்றன.

அவள் திரையின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்தாள். அது காலை வேளையைக் காட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தாள். அது நகரவில்லை.

"உள்ள யாரு இருக்கா சார்?"

"உங்க கொழுந்தன், இன்னும் ரெண்டு பேரு. கடைசி அறையில. ஏன் இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?"

"அவங்களை உடனே வெளிய கூப்பிடுங்க. இந்தப் பெட்டி வேலை செய்யல. நீங்க பாக்குறது காலையில இருந்த நிலவரம்."

மேனேஜர் சிரித்தார். "பச்சை எரியுதேம்மா. இப்பதான் ஒரு வாரமா நிம்மதியா இருக்கோம். சந்தேகம்னா இதோ பாருங்க" என்று எழுந்துபோய்ச் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார். யார் அழுத்தினாலும் சைரன் அடிக்க வேண்டிய பொத்தான் அது. அதுவும் அந்தச் சர்வர் வழியாகத்தான் போனது.

ஒரு சத்தமும் வரவில்லை.

மறுபடி அழுத்தினார். உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். அறை அமைதியாகவே இருந்தது. திரும்பியபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டாள். சர்வர் அணைந்தால் சைரன் தானாக அடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். தடவித் தடவி மின்கம்பியைப் பிடித்து இழுத்தாள். இறுக்கமாக இருந்தது. கால் ஒன்றைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். கம்பி கையோடு வந்தது.

பச்சை விளக்கு அணைந்தது. கட்டடமே அதிரும்படி சைரன் அலறியது. எங்கோ காற்றாடிகள் உறுமிக்கொண்டு சுழலத் தொடங்கின. அவள் வாழ்நாளில் எந்தச் சத்தமும் அத்தனை இதமாக இருந்ததில்லை.

கடைசி அறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தலை பிளக்கிறது என்றான். கதவுப் பக்கம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

"சூப்பர்வைசர் எங்க?"

"பின்னாடி மூலையில குழாயைக் குனிஞ்சு பாத்துட்டு இருந்தாரு. வந்துட்டிருப்பாருன்னு நெனைச்சோம்."

அவள் கதவை நோக்கி ஓடினாள். மேனேஜர் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். "நீங்க போனா ரெண்டு பேரைத் தூக்கணும். நில்லுங்க இங்கேயே." சற்று முன் சிரித்த அதே மனிதர்தான், காற்று உருளையை முதுகில் மாட்டி முகமூடியை இறுக்கிக்கொண்டு தனியாக உள்ளே போனார். கதவிடுக்கிலிருந்து குளிர் அவள் கணுக்காலில் வந்து மோதியது. அது குளிரா, அந்த வாயுவா என்று தெரியாமல் அவள் பின்வாங்கினாள். அத்தைக்கு என்ன பதில் சொல்வது, ஊருக்குப் போயிருக்கிற புருஷனுக்கு என்ன பதில் சொல்வது என்று மனம் எங்கெங்கோ ஓடியது.

மேனேஜர் வெளியே வந்தபோது கொழுந்தனைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வந்தார். அவன் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது. வாசலில் கிடத்தி முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பெயர் சொல்லிக்கூட இல்லை, "டேய், டேய்" என்று மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வளாகத்துக்குள் திரும்பும்போது அவன் இருமினான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டே அவசரத்தைக் கூப்பிட்டாள். அவன் நடந்ததை முழுக்கக் கேட்டான். பிறகு, "நான் இப்ப என்ன பண்ணட்டும்?" என்றான்.

"மத்த கிடங்குல பாதியை நீ கூப்பிடு, பாதியை நான் கூப்பிடறேன். சரிபார்த்துச் சொல்றோம்னு எல்லாம் பேசாத. ஆளை வெளிய எடுக்கச் சொல்லு, பெட்டியைப் பிடுங்கச் சொல்லு."

சிலர் அவளைத் திட்டினார்கள். சரக்கு கெட்டால் யார் பொறுப்பு என்று ஒருவர் கத்தினார். அவள் தன் பெயரைக் கொடுத்தாள். ஒரே ஒரு கிடங்கில் மட்டும் இங்கே போலவே திரை உறைந்து கிடந்தது. நல்லவேளை, அன்று அங்கே விடுமுறை, உள்ளே ஆளில்லை. அதைக் கேட்டதும் அவள் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமியார் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார். கொழுந்தன் கண் திறந்திருந்தான்.

"பயமாவே இல்ல அண்ணி. தூக்கம் வர்ற மாதிரி இருந்துச்சு. சித்த நேரம் உக்காரலாம்னு உக்காந்தேன்" என்றான். "அவ்வளவுதான் தெரியும்."

அவள் கட்டிலை ஒட்டி வந்து நின்றாள்.

அபாயம் தாண்டிவிட்டது, இனி தூங்கவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள் நர்ஸ். அவன் கண் சொருகிய மறுகணமே மாமியார் அவன் தோளை உலுக்கினார். "கண்ணு, தண்ணி வேணுமாப்பா?" அவன் வேண்டாம் என்று தலையசைத்துக் கண்ணை மூடினான். சற்றுப் பொறுத்து, "கண்ணு, போர்வை போத்தட்டுமா?"

"தூங்கட்டும் அத்தை" என்றாள் அவள்.

"தூங்கட்டும், தூங்கட்டும்" என்றார் மாமியார். கையை மட்டும் அவன் மார்பின் மேலிருந்து எடுக்கவில்லை.