ஈரச்சாக்கில் வைத்த தடுப்பூசி

என் நாய்க்கு இந்த வருஷமும் வெறிநோய்த் தடுப்பூசி வேண்டுமா என்று பார்க்கத்தான் டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவைப் போனில் சொன்னார்.

"எதிர்ப்புச் சக்தி துளிகூட இல்லம்மா. இதுவரைக்கும் யாரு ஊசி போட்டது?"

"என் கொழுந்தன் சார். வருஷந்தவறாமப் போடுவான்."

"மருந்தை எங்க வச்சிருந்தாரு? பிரிட்ஜ்ல வைக்கலேன்னா அது வெறுந்தண்ணிதான்."

கொழுந்தன் ராஜபாண்டியன் விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி போர்மேன். வாங்கிய மருந்தை, ஊசி போடும் ஞாயிற்றுக்கிழமை வரை கம்பெனியிலேயே வைத்திருப்பான். தீப்பிடிக்கும் என்று அந்த அறைகளுக்குக் கரண்டே கிடையாது; பிரிட்ஜுக்கு எங்கே போக? வெக்கை தணிய அங்கே ஈரச்சாக்கு விரிப்பார்கள். அதிலேதான் மருந்தையும் சுற்றி வைப்பான். "தொட்டா ஜில்லுன்னு இருக்கும் மைனி" என்று பெருமை வேறு. மடப்பயல்!

எங்கள் ஊர் ஆனைக்குட்டத்தில் பாதி நாய்களுக்கு அவன்தான் ஊசி போட்டவன். போன வாரம் பக்கத்துத் தெரு ராமுத்தாயின் நாய் அவள் மகளைக் கடித்தது, பிடிக்கப் போன இவனையும் கடித்தது. இரண்டு நாளில் கண்மாய்க்கரையில் செத்துக் கிடந்தது. பதறிய ராமுத்தாயிடம், "நான் ஊசி போட்ட நாய், பயப்படாதீக" என்றான். அவளும் நம்பி, கடிவாயில் மஞ்சளை அப்பியதோடு விட்டுவிட்டாள்.

அடுப்பை அணைத்துவிட்டு அவன் வீட்டுக்கு ஓடினேன்.

"ஏலே, நீ போட்டதெல்லாம் வெறுந்தண்ணிலே! அந்தப் புள்ளைய உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். நீயும் கிளம்பு."

அவன் பதறவே இல்லை. "எனக்குப் போட்டாச்சு மைனி. சாத்தூர்ல போயி, யாருக்கும் தெரியாம."

"எப்ப?"

"கடிச்ச அன்னைக்கே ஆரம்பிச்சேன். மருந்து மேல எனக்கே கொஞ்சம் சந்தேகம்."

"அப்ப அந்தப் புள்ளைக்கு?"

"நான் போட்ட ஊசி பலிக்கலன்னு எப்படிச் சொல்ல? ஊருல என்னை மதிப்பாகளா? சொல்லிராதீக மைனி."

அடப்பாவி! இந்தச் சண்டாளனுக்கா இத்தனை வருஷம் சோறு போட்டேன்?

நேரே ராமுத்தாய் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பவில்லை. "அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டாக. உங்க குடும்பத் தகராறை எங்கிட்ட கொண்டுவராதீக" என்றாள். அவள் மகள் வாசலில் தட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் போய் அவன் சட்டையைப் பிடித்துத் தெரு வழியே ராமுத்தாய் வாசலுக்கு இழுத்து வந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"கையக் காட்டுலே!"

அவன் கையைப் பின்னால் இழுத்தான். நானே சட்டைக் கையை மேலே தள்ளினேன். ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி புதுசாக ஒட்டியிருந்தது.

ராமுத்தாய் அதையே பார்த்தாள். "எத்தனை ஊசி போட்டீக, அண்ணாச்சி?"

"மூணு."

அவள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓடினாள்.